ஏன்னு கேட்டா என்ன சொல்லும்?

1970களில் ஒரு கணினி நிரலிடம் டாக்டர்கள் ‘ஏன்?’ என்று கேட்க முடிந்தது. அது பதிலும் சொன்னது. ஏஐ எடுக்கும் முடிவுகள் யாருக்கும் புரிவதில்லை என்பது இன்றைய புகார். ஆனால் இந்தப் புகாருக்கு முன்பே விளக்கம் சொல்லும் இயந்திரம் வந்துவிட்டது என்பதை, இந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அப்படியானால் நடுவில் என்ன ஆனது? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

அந்த நிரலின் பெயர் மைசின். ஆண்டிபயாடிக் மருந்துகள் பலவற்றின் பெயர் ‘மைசின்’ என்று முடியும், அதிலிருந்து வந்தது. ஸ்டான்ஃபோர்டில் மருத்துவம் படித்துக்கொண்டே கணினியிலும் ஆய்வு செய்த எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்ற இளைஞர், புரூஸ் புக்கானன், ஸ்டான்லி கோஹன் ஆகியோருடன் சேர்ந்து இதை உருவாக்கினார். ரத்தத்தில் பாக்டீரியா தொற்றோ மூளைக்காய்ச்சலோ வந்தவருக்கு எந்தக் கிருமி காரணமாக இருக்கும், எந்த மருந்து கொடுக்கலாம் என்று டாக்டருக்கு ஆலோசனை சொல்வது அதன் வேலை. உள்ளே 400க்கும் மேற்பட்ட விதிகள். எல்லாமே ‘இது இப்படி இருந்து, அதுவும் அப்படி இருந்தால், இந்த முடிவுக்கு இவ்வளவு வாய்ப்பு’ என்ற அமைப்பில் எழுதப்பட்டவை.

மைசின் கேள்வி கேட்கும், டாக்டர் பதிலைத் தட்டச்சு செய்வார். ‘இதை எதுக்கு இப்போ என்கிட்ட கேக்குது?’ என்று தோன்றினால் ‘ஏன்’ என்று ஆங்கிலத்தில் அடிக்கலாம். எந்த முடிவை நோக்கிப் போகிறது, அதற்கு எந்த விதியை எடுத்திருக்கிறது என்று சொல்லும். இன்னொரு தடவை ‘ஏன்’ அடித்தால் ஒரு படி மேலே போய், அந்த முடிவு எதற்குத் தேவைப்படுகிறது என்று சொல்லும். எல்லாம் முடிந்த பிறகு ‘எப்படி’ என்று கேட்டால் வந்த வழியைத் திரும்பக் காட்டும்.

இது சும்மா அலங்காரத்துக்குச் சேர்த்த வசதி இல்லை. காரணம் சொல்லாத ஆலோசனையை டாக்டர்கள் தொடவே மாட்டார்கள் என்பது ஷார்ட்லிஃபுக்குத் தெரிந்திருந்தது. பின்னால் 1981இல் அவரும் ராண்டி டீச்சும் வெளியிட்ட ஆய்விலும், மருத்துவக் கணினிக்கு மிக முக்கியமான திறமை தன் முடிவை விளக்குவதுதான் என்றே டாக்டர்கள் சொன்னார்கள். இயந்திரம் கெட்டிக்காரத்தனத்திலும் குறை வைக்கவில்லை. 1979இல் வெளிவந்த சோதனையில், பத்து மூளைக்காய்ச்சல் நோயாளிகளுக்கு மைசினும் மனிதர்களும் பரிந்துரைத்த சிகிச்சைகளை, எது யாருடையது என்று சொல்லாமல் எட்டு நிபுணர்களிடம் கொடுத்தார்கள். மைசினுக்கு 65 சதவீத ஏற்பு. ஐந்து மருத்துவப் பேராசிரியர்களுக்குக் கிடைத்தது 42.5 முதல் 62.5 வரை. ஆனாலும் மைசின் நிஜ சிகிச்சைக்குப் பயன்படாமல் ஆய்வகத்திலேயே நின்றுவிட்டது.

இதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வில்லியம் கிளான்சி என்ற ஆய்வாளர் மைசினின் விதிகளை வைத்து மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் நிரல் ஒன்றைச் செய்யப் பார்த்தார். அப்போதுதான் ஓட்டை தெரிந்தது. ஒரு விதி, ‘நோயாளிக்கு எட்டு வயதுக்குக் கீழ் என்றால் டெட்ராசைக்ளின் தராதே’ என்றது. மாணவர் ‘ஏன்?’ என்று கேட்டால் மைசினால் அந்த விதியைத்தான் திரும்பச் சொல்ல முடியும். உண்மையான காரணம் வேறு. அந்த மருந்து வளரும் பற்களிலும் எலும்பிலும் படியும், பல் நிரந்தரமாகக் கறையாகிவிடும். இந்த விஷயம் மைசினுக்குள் எங்கேயும் இல்லை. விதியை எழுதிய டாக்டரின் தலையில் இருந்தது, அங்கேயே தங்கிவிட்டது. 1983இல் கிளான்சி இதை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். இயந்திரம் தான் நடந்த வழியைச் சொன்னதே தவிர, அந்த வழி ஏன் சரி என்று சொல்லவில்லை.

கேட்டவர்கள் டாக்டர்களாக இருந்தவரை இது பெரிய குறையாகத் தெரியவில்லை. விடுபட்டதை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். படுக்கையில் கிடப்பவர் கேட்டிருந்தால்? மைசினின் திட்டத்தில் நோயாளிக்கு விசைப்பலகையே கிடையாது.

*

பாதிக்கப்படுபவருக்குக் காரணம் சொல்லவேண்டும் என்ற எண்ணம் கணினி ஆய்வகத்தில் பிறக்கவில்லை. கடன் தரும் கம்பெனிகளை நோக்கி எழுதப்பட்ட ஒரு சட்டத்தில் பிறந்தது.

1956இல் பில் ஃபேர் என்ற பொறியாளரும் எர்ல் ஐசக் என்ற கணிதவியலாளரும் கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். கடன் கேட்பவரின் விவரங்களுக்கு மதிப்பெண் போட்டு, இவர் திருப்பிக் கட்டுவாரா என்று கணிப்பதை வியாபாரமாக்கிய நிறுவனம் அது. நம்ம ஊரில் இன்று கடன் கேட்டுப் போனவுடன் ‘சிபில் ஸ்கோர் எவ்வளவு?’ என்று கேட்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு மூதாதை. அதற்கு முன்னால் கிளை மேனேஜர் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு பெண் நன்றாகச் சம்பாதித்தாலும், புருஷன் கையெழுத்து இல்லாமல் கடன் கிடைப்பது கஷ்டம். இதற்கு எதிராகப் பெண்கள் அமைப்புகள் போராடித்தான் 1974இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வந்தது. பாலினத்தையோ கல்யாண நிலையையோ வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. 1976இல் அதைத் திருத்தி இனம், மதம், வயது போன்றவற்றையும் சேர்த்தார்கள். கூடவே ஒரு புதிய கடமையும் வந்தது: கடனை மறுத்தால் குறிப்பான காரணம் சொல்லவேண்டும்.

இந்தச் சட்டத்தின் விதிமுறைகளைப் படிக்கும்போது, அவற்றை எழுதியவர்கள் சாதாரண மனிதரை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. விண்ணப்பித்த 30 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். ‘எங்கள் மதிப்பெண் அளவை நீங்கள் எட்டவில்லை’ என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது. ‘எங்கள் உள்விதிகளின்படி’ என்றும் தப்பிக்க முடியாது. வருமானம் போதவில்லையா, இந்த வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதா, பழைய கடன் பாக்கி இருக்கிறதா, எது தடுத்தது என்று சொல்லியாக வேண்டும். அதிகாரபூர்வ விளக்கக்குறிப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது: நான்கு காரணங்களுக்கு மேல் சொல்வது விண்ணப்பித்தவருக்கு உதவ வாய்ப்பில்லை.

நாலு காரணம். கணக்கு முழுவதையும் கொட்டச் சொல்லவில்லை. அவர் கையில் எடுத்துக்கொண்டு ஏதாவது செய்யக்கூடிய அளவுக்குச் சொல் என்கிறது. ‘பழைய பாக்கி’ என்று கடிதம் வந்தால், ‘அதை நான் போன வருஷமே கட்டிட்டேனே, ரசீது இருக்கு’ என்று கிளம்பிப் போகலாம். கடன் அறிக்கையில் இருக்கும் தவறைத் திருத்தக் கேட்கும் உரிமையை 1970இன் சட்டம் ஏற்கனவே கொடுத்திருந்தது. காரணம், ஆதாரம், திருத்தம் மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்தன. 2022இல் அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு இதே சட்டத்தைச் சுட்டி, எங்கள் அல்காரிதம் ரொம்பச் சிக்கலானது, காரணம் எங்களுக்கே தெரியாது என்பது சாக்காகாது என்று கடன் நிறுவனங்களிடம் சொன்னது.

இந்த ஏற்பாடு பாகுபாட்டை ஒழித்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விளக்கம் எதற்கு என்ற கேள்விக்கு, நான் பார்த்தவரை, ஆய்வகங்களைவிட இந்தக் கடன் படிவம் தெளிவான பதில் வைத்திருந்தது. கேட்பவர் ‘இது தப்பு’ என்று சொல்ல முடியவேண்டும்.

*

1990களின் நடுவில் கதை திரும்புகிறது. ஆள் எழுதும் விதிகளின் காலம் முடிந்து, தரவுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் இயந்திரங்களின் காலம் வந்தது. மைசினை ‘ஏன்’ என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு விதியாவது இருந்தது. நியூரல் நெட்வொர்க்கைத் திறந்தால் உள்ளே இருப்பவை வெறும் எண்கள்.

பிட்ஸ்பர்க்கில் ஒரு ஆய்வுக்குழு, நிமோனியாவோடு வருபவர்களில் யாருக்கு உயிராபத்து அதிகம் என்று கணிக்கும் வழிகளை ஒப்பிட்டது. ஆபத்து அதிகம் உள்ளவரை மருத்துவமனையில் சேர்க்கலாம், மற்றவரை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். கார்னகி மெலனில் அப்போது மாணவராக இருந்த ரிச் கரவானா பயிற்றுவித்த நியூரல் நெட்வொர்க்தான் அதில் துல்லியமானது. ஆனால் அதே தரவிலிருந்து விதிகளைக் கற்றுக்கொண்ட இன்னொரு முறை விசித்திரமான ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது: ஆஸ்துமா இருப்பவருக்கு நிமோனியா வந்தால் சாகும் வாய்ப்பு குறைவு.

எந்த டாக்டரிடம் சொன்னாலும் சிரிப்பார். ஆனால் தரவு பொய் சொல்லவில்லை. ஆஸ்துமா நோயாளிக்கு நிமோனியா என்றதும் அந்த மருத்துவமனையில் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். கவனிப்பு அதிகம், அதனால் சாவு குறைவு. அந்தக் கவனிப்பு இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. ‘ஆஸ்துமாவா? ஆபத்து இல்லை, வீட்டுக்கு அனுப்பு’ என்று கற்றுக்கொண்டது.

விதிமுறையில் இந்தத் தவறு எழுத்தில் இருந்தது, அதனால் மாட்டியது. நியூரல் நெட்வொர்க்கும் அதையே கற்றிருக்கும், அதற்குமேல் எழுத்தில் வராத வேறு எதையெல்லாம் கற்றிருக்கிறதோ! கரவானா அதை நோயாளிகளிடம் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருபது வருடம் கழித்து, 2015இல், ஒவ்வொரு காரணியும் ஆபத்தை எவ்வளவு ஏற்றுகிறது, எவ்வளவு இறக்குகிறது என்று வரைபடமாகப் பார்க்கக்கூடிய ஒரு மாதிரியை அவரும் அவர் குழுவும் அதே தரவில் கட்டிக் காட்டினார்கள். துல்லியமும் அதிகம் குறையவில்லை. ஆஸ்துமா பிழை பளிச்சென்று தெரிந்தது, டாக்டர் கையால் திருத்தவும் முடிந்தது. கருப்புப் பெட்டியைச் செய்துவிட்டு அதற்கு அப்புறம் விளக்கம் ஒட்டுவதை விடுங்கள், முக்கியமான முடிவுகளுக்கு முதலிலேயே புரியக்கூடியதைக் கட்டுங்கள் என்று சிந்தியா ரூடின் 2019இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் வாதமும் இந்தத் திசையில்தான்.

*

ஆனால் பெட்டி மூடியே இருப்பதற்குக் கணிதம் மட்டும் காரணமில்லை. பல இடங்களில் அதை மூடி வைத்தவர்கள் மனிதர்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2013இல் ஒருவருக்கு ஆறு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. தண்டனை விதித்த நீதிபதி பார்த்தவற்றில் ‘காம்பஸ்’ என்ற மென்பொருள் கொடுத்த மதிப்பீடும் ஒன்று. இவர் மறுபடி குற்றம் செய்யும் ஆபத்து அதிகம் என்றது அது. எப்படிக் கணக்கிட்டது என்று கேட்டால், அது தயாரித்த கம்பெனியின் வணிக ரகசியம். 2016இல் மாநில உச்ச நீதிமன்றம், மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் குறைகளைப் பற்றிய எச்சரிக்கையைச் சேர்த்து நீதிபதியிடம் கொடுங்கள் என்று தீர்ப்பளித்தது. எச்சரிக்கை நீதிபதிக்கு. தண்டனை பெற்றவருக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

நெதர்லாந்தில் நடந்தது இன்னும் பெரிது. குழந்தைக் காப்பகச் செலவுக்கு அரசு தரும் உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைக் கண்டுபிடிக்க வரித்துறை ஒரு ஆபத்துக் கணிப்பு மாதிரியை ஓட்டியது. டச்சுக் குடியுரிமை உண்டா இல்லையா என்பதும் அது பார்த்த காரணிகளில் ஒன்று. மதிப்பெண் அதிகமாக வந்தால் கோப்பு ஒரு அதிகாரியின் மேசைக்குப் போகும். ஏன் அதிகம் என்று அந்த அதிகாரிக்கும் சொல்லப்படாது. படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்கெல்லாம் மோசடி முத்திரை விழுந்தது. வருடக்கணக்கில் வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கட்டு என்று உத்தரவு. பத்தாயிரக்கணக்கான யூரோ. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின, வீடு போனது, திருமணங்கள் முறிந்தன. பெற்றோர்கள் தங்கள் கோப்பைக் கேட்டு வாங்கியபோது, பக்கம் பக்கமாக மைபூசி மறைத்த தாள்கள் வந்தன. ‘கருப்புப் பெட்டி’ என்று நாம் உவமையாகச் சொல்வது அங்கே நிஜமாகவே கருப்பாகக் கையில் கிடைத்தது. 2020 டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக்குழு இதை முன்னெப்போதும் இல்லாத அநீதி என்று சொன்னது. 2021 ஜனவரி 15 அன்று மார்க் ருட்டேவின் அமைச்சரவையே ராஜினாமா செய்தது.

*

‘இதெல்லாம் வெளிநாட்டுக் கதை’ என்று சொல்லிவிட முடியாது. காரணம் கேட்கும் உரிமைக்கு நம் நாட்டில் தனி வரலாறு இருக்கிறது, ஏஐக்கு ரொம்ப முன்னால்.

1977 ஜூலையில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கியது. காரணம் என்னவென்று கேட்டார். பொதுநலன் கருதிச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்கவேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்று நிலைநாட்டியது.

அது டில்லியில், வக்கீல் வைத்துப் போராட முடிந்தவருக்கு. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு முதல் ‘ஜன் சுன்வாயி’யை, அதாவது மக்கள் விசாரணையை நடத்தியது. இப்படிப்பட்ட கூட்டங்களில் பொதுப்பணிகளுக்கான கூலிப் பட்டியலை ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தவர்கள் எழுந்து, ‘நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே’ என்றார்கள். செத்துப்போனவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது. கணக்குப் படிக்காதவர்கள்தான் கணக்கைப் பிடித்தார்கள், ஏனென்றால் அந்தக் கணக்கு அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றியது. யார் எங்கே வேலை செய்தார், யார் எப்போது இறந்தார் என்பதில் அவர்களைவிடப் பெரிய நிபுணர் இல்லை. அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாக வந்த 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் 4(1)(டி) என்ற பிரிவு இருக்கிறது. அரசு அலுவலகம் எடுக்கும் நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லவேண்டும் என்கிறது. கேட்டால் அல்ல, தானாகவே.

இப்போது தெலங்கானாவுக்கு வருவோம். ‘சமக்ர வேதிகா’ என்ற அமைப்பு, பல அரசுத் துறைகளின் பதிவுகளைப் பெயர், முகவரி வைத்து இணைத்து, யாரிடம் என்ன சொத்து இருக்கிறது என்று சொல்லும். ரேஷன் கார்டுக்கு யார் தகுதி இல்லை என்று பார்க்க அதைப் பயன்படுத்தினார்கள். அந்த மாநிலத்தில் பல லட்சம் கார்டுகள் ரத்தாகின, பலருக்கு நோட்டீஸ்கூட வரவில்லை. 2022இல் உச்ச நீதிமன்றம், ரத்தானவற்றை வீடுவீடாகப் போய் மறுபடி சரிபாருங்கள் என்று உத்தரவிட்டது. பின்னர் பத்திரிகையாளர்கள் வெளிக்கொண்டுவந்த சம்பவங்களில் ஒன்று: ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவரை, கிட்டத்தட்ட அதே பெயருள்ள இன்னொருவரோடு குழப்பி, கார் வைத்திருப்பவர் என்று பதிவு செய்திருந்தது இயந்திரம்.

இங்கே நியூரல் நெட்வொர்க்கின் சூத்திரங்களையெல்லாம் யாரும் அந்தக் குடும்பத்துக்கு விளக்கவேண்டியதில்லை. ‘உங்கள் வீட்டில் இந்த எண்ணுள்ள கார் இருப்பதாக எங்கள் பதிவு சொல்கிறது’ என்று ஒரே ஒரு வரி தெலுங்கிலோ உருதுவிலோ வந்திருந்தால் போதும். ‘காரா? எங்க வீட்லயா?’ என்று அவர்களே அதை உடைத்திருப்பார்கள்.

*

2016இல் வந்த ‘லைம்’, 2017இல் வந்த ‘ஷாப்’ போன்ற கருவிகள் இன்று ஏஐ விளக்கத்துக்கு அதிகம் பயன்படுகின்றன. இந்தக் குறிப்பிட்ட முடிவுக்கு எந்த அம்சம் எவ்வளவு பங்களித்தது என்று தோராயமாகச் சொல்பவை. லைம் கட்டுரையில் ஒரு பிரபலமான சோதனை உண்டு. ஓநாயையும் ஹஸ்கி நாயையும் பிரித்துச் சொல்ல, வேண்டுமென்றே மோசமாகப் பயிற்றுவித்த மாதிரி ஒன்று. அது பார்த்தது விலங்கையே அல்ல, பின்னணியில் பனி இருக்கிறதா என்பதைத்தான் என்று லைம் காட்டிக்கொடுத்தது. பொறியாளருக்கு அருமையான கருவி. ஆனால் நிறநிறமான பட்டை வரைபடம் கடன் மறுக்கப்பட்டவரின் கையில் எதற்கு உதவும்? மைசினின் விசைப்பலகை டாக்டரிடம் இருந்தது போல, இந்த வரைபடமும் பெரும்பாலும் செய்தவர் பக்கத்திலேயே இருக்கிறது.

நம் கையில் இருப்பது சாட்பாட். அதனிடம் ‘ஏன்?’ என்று கேட்டால் மைசினைவிட அழகாக, அதுவும் தமிழில், பதில் சொல்லும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 2025 மார்ச்சில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தங்கள் கிளாட் மாதிரியின் உள்ளே நடப்பதைத் தடம்பிடித்துப் பார்த்தார்கள். 36உம் 59உம் கூட்டச் சொன்னபோது, ஒரு பாதையில் விடை ஏறக்குறைய எவ்வளவு என்ற மதிப்பும், இன்னொரு பாதையில் கடைசி இலக்கம் என்ன என்பதும் ஒரே சமயத்தில் ஓடி, சேர்ந்து 95 ஆகின. எப்படிக் கூட்டினாய் என்று கேட்டதற்கோ, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது போல 6உம் 9உம் 15, 5 போட்டு 1 கையில் வைத்துக்கொண்டேன் என்று பதில் சொன்னது. விடை சரி. விளக்கமும் கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே நடந்தது மட்டும் அதுவல்ல.

அதை நாம் நம்பிவிடுவோம் என்பதற்குப் பழைய சான்று இருக்கிறது. 1978இல் எல்லன் லாங்கரும் சகாக்களும் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்களிடம் ஆள் அனுப்பி, ‘அஞ்சு பக்கம்தான், நான் முதல்ல எடுத்துக்கவா?’ என்று கேட்கவைத்தார்கள். வெறுமனே கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள். ‘அவசரமா போகணும்’ என்று காரணம் சொன்னபோது 94. ‘ஏன்னா எனக்கு காப்பி எடுக்கணும்’ என்று ஒன்றுமே இல்லாத காரணத்தைச் சொன்னபோது 93. ‘ஏன்னா’ என்ற சொல்லே பாதி வேலையைச் செய்துவிட்டது. ஆனால் இருபது பக்கம் என்று கேட்டபோது அந்த மாயம் பலிக்கவில்லை. இழப்பு பெரிதாகும்போது மனிதர்கள் காரணத்தை உற்றுக் கேட்கிறார்கள்.

ரேஷன், கடன், சிறை, சிகிச்சை எல்லாம் இருபது பக்க விஷயங்கள். ஐரோப்பா 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுச் சட்டத்திலும், 2024இல் இயற்றிய ஏஐ சட்டத்திலும் இதற்கு ஓரளவு இடம் கொடுத்திருக்கிறது. நமது 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இயந்திர முடிவுக்கு விளக்கம் கேட்கும் உரிமை இல்லை. ஆனால் அரசு எடுக்கும் முடிவு என்றால், 4(1)(டி) இருக்கிறது. முடிவை எடுத்தது ஆளா இயந்திரமா என்று அந்தப் பிரிவு பிரித்துப் பார்க்கவில்லை.

ஏஐயைப் ‘புரியவைப்பது’ என்றால் எளிமையாகப் பேசவைப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். எளிமையாகப் பொய்யும் சொல்லலாம். நான் பார்க்கும் அளவுகோல் இதுதான்: அந்தக் காரணத்தைக் கேட்டவுடன், அதில் பெயர் உள்ளவரால் எழுந்து நின்று ‘இது நடக்கவே இல்லை’ என்று சொல்ல முடிகிறதா? சொன்னால் முடிவை மாற்ற ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரா? கோட் கிரானாவில் இரண்டாவது கேள்விக்குப் பதில் அன்றைக்குக் கிடைத்துவிடவில்லை. சட்டம் வருவதற்கே இன்னும் பதினோரு வருடம் ஆனது. ஆனால் பட்டியலை வாசிக்கவைத்ததிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.